ஏறும்போது அதிரும் பாட்டு, இறங்கும்போது ஏன் நிற்கிறது? காரில் ஆம்ப் சூடாவதும் அதற்கான தீர்வும்

சனிக்கிழமை அதிகாலை. சேலத்திலிருந்து நான்கு நண்பர்கள் ஒரு சின்ன காரில் கொல்லிமலைக்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போன வாரம்தான் டிக்கியில் சப்-வூஃபர் பெட்டியும், அதன் முதுகில் ஒரு ஆம்ப்ளிஃபையரும் பொருத்தியிருக்கிறார்கள். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கிய பாட்டு 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடியும்வரை ஓயவில்லை. செம்மேட்டைத் தாண்டி, குண்டனி நாட்டில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

மறுநாள் மதியம் கிளம்பும்போது நண்பனின் அம்மா விடுவதாக இல்லை. "வெறுங்கையோட போவாதீங்க கண்ணு" என்று இரண்டு பலாப்பழம், ஒரு மூட்டை அன்னாசி, ஒரு வாழைத்தார் என டிக்கியை நிரப்பிவிடுகிறார். இறங்கும் வழியில் பாதி வளைவு தாண்டியதும் முதலில் பாஸ் போகிறது. கொஞ்ச நேரத்தில் பாட்டே நின்றுவிடுகிறது. "மச்சான், ஸ்பீக்கர் அவுட்டுடா!" என்கிறான் ஒருவன். ஓரமாக நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் பாட்டு மறுபடி ஓடுகிறது. பத்து நிமிடத்தில் மறுபடி நிற்கிறது.

ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. பலாப்பழத்துக்கும் அன்னாசி மூட்டைக்கும் அடியில் மாட்டிக்கொண்ட ஆம்ப், சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. கடையில் பொருத்திய அன்று, காலியான டிக்கியில், பத்து நிமிடம் பாட்டு போட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சோதனை போதாது. ஆம்ப் வைக்கும் இடத்தை, கார் சந்திக்கப்போகும் மோசமான நாளை நினைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆம்ப் ஏன் சூடாகிறது?

பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் முழுவதும் ஒலியாக மாறுவதில்லை. ஒரு பகுதி ஸ்பீக்கருக்குப் போகிறது. மீதி முழுக்க ஆம்பிலேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. எவ்வளவு தங்கும் என்பது ஆம்பின் வகையைப் பொறுத்தது.

கார்களில் பெரும்பாலும் இரண்டு வகை ஆம்ப்கள் உண்டு. ஒன்று ஏபி கிளாஸ். இதில் டிரான்சிஸ்டர்கள் தண்ணீர்க் குழாயைப் பாதி திறந்து வைப்பதுபோல மின்சாரத்தை அடக்கி அடக்கி விடுகின்றன. அடக்கிய மிச்சம் வெப்பமாகிறது. இன்னொன்று டி கிளாஸ். இதில் டிரான்சிஸ்டர்கள் விநாடிக்கு லட்சக்கணக்கான முறை முழுசாகத் திறந்து முழுசாக மூடுகின்றன. பாதித் திறப்பு என்பதே கிட்டத்தட்ட இல்லை. அதனால் வீணாகும் சக்தி குறைவு.

தோராயமாக ஒரு கணக்கு பார்க்கலாம். பாட்டு சத்தமாக ஓடும்போது ஸ்பீக்கர்களுக்குச் சராசரியாக 40 வாட் போகிறது என்று கொள்வோம். அந்த அளவில் ஏபி கிளாஸ் ஆம்ப் 35 சதவீதத் திறனோடு இயங்கினால், பேட்டரியிலிருந்து சுமார் 115 வாட் இழுக்கும். அதில் 75 வாட் வெப்பம். டி கிளாஸ் ஆம்ப் 80 சதவீதத் திறனோடு இயங்கினால் இழுப்பது 50 வாட்தான். வெப்பம் 10 வாட்.

75 வாட் என்றால் எவ்வளவு? அந்தக் காலத்து குண்டு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். எரியும் குண்டு பல்பை சீட்டுக்கு அடியில் வைத்து, மேலே மேட் போட்டு மூடினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் நடக்கிறது.

பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. ஏபி கிளாஸ் ஆம்ப் அதிகபட்சச் சூட்டை முழு வால்யூமில் வெளியிடுவதில்லை. சீரான ஒலியை வைத்துக் கணக்குப் போட்டால், முழுத் திறனில் சுமார் 40 சதவீதம் வெளியே போகும்போதுதான் டிரான்சிஸ்டர்களில் வெப்பம் உச்சத்தைத் தொடும். "நான் ஃபுல்லா வைக்கவே இல்லையே, எப்படிச் சூடாச்சு?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

மலை குளிர்ச்சி உதவாதா?

உதவும். ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை.

குண்டனி நாடு உள்ளிட்ட 14 நாடுகளைக் கொண்ட கொல்லிமலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அடிவாரத்தைவிட மேலே ஆறேழு டிகிரி குறைவாக இருக்கும்.

அதே நேரம், மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தியும் குறைகிறது. 1,200 மீட்டரில் காற்று கடல் மட்டத்தைவிட 10 சதவீதத்துக்கும் மேல் லேசானது. லேசான காற்று வெப்பத்தைக் கொஞ்சம் குறைவாகத்தான் வாரிக்கொண்டு போகும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் லாபம் குளிர்ச்சியின் பக்கம்தான்.

ஆனால் அந்தக் குளிர்ந்த காற்று ஆம்பைத் தொட வேண்டுமே! கண்ணாடி ஏற்றிய காருக்குள், மூடிய டிக்கிக்குள், மூட்டைக்கு அடியில் இருக்கும் ஆம்புக்கு வெளியே குளிரா, வெயிலா என்பதே தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் ஒரு சாண் காற்றுதான் அதற்கு உலகம்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சமவெளியில் காரின் ஹீட்டரை யாரும் தொடுவதே இல்லை. மலையில் மார்கழி இரவில் ஹீட்டர் போடுவார்கள். பல கார்களில் பின் சீட்டுக்காரர்களின் காலுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய், முன் சீட்டுக்கு அடியில்தான் திறக்கிறது. ஆம்பையும் அங்கேயே வைத்திருந்தால், சூடான காற்று நேராக அதன் மேல் அடிக்கும். ஊரில் ஒரு வருடம் பிரச்னை தராத ஆம்ப், குளிரான மலையில் சூடாகி நிற்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

இறங்கும்போதோ நிலைமை தலைகீழ். ஒரு மணி நேரத்துக்குள் குளிர்ந்த மலையிலிருந்து கோடை மதியத்து நாமக்கல் வெயிலுக்கு வந்துவிடுகிறீர்கள். வெளி வெப்பம் ஏறுகிறது, டிக்கி நிரம்பியிருக்கிறது, பாட்டு இரண்டு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில்தான் ஆம்ப் கைவிரிக்கிறது.

சின்ன இடம் என்பதே பிரச்னையா?

இல்லை. காற்று வழி இல்லாததுதான் பிரச்னை.

ஆம்பின் மேல் இருக்கும் அலுமினிய வரிவரியான உடம்புக்கு ஹீட் சிங்க் என்று பெயர். பலர் அது வெப்பத்தை 'உறிஞ்சி' அழித்துவிடுவதாக நினைக்கிறார்கள். அதன் வேலை, உள்ளே பிறக்கும் வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைப்பது மட்டும்தான். வாங்கிக்கொள்ளப் புதுக் காற்று வராவிட்டால் ஹீட் சிங்க் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

பெரும்பாலான ஆம்ப்களில் ஒரு வெப்பக் காவல் சர்க்யூட் இருக்கும். ஹீட் சிங்க் 80 டிகிரியை ஒட்டி வந்ததும் அது ஆம்பை நிறுத்திவிடும். 'புரொடெக்ட்' என்ற சிவப்பு விளக்கு எரியும். ஆறியதும் தானாக இயங்கும். இது நல்ல விஷயம்தான். ஆனால் தினமும் அந்த எல்லையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் ஆம்பின் ஆயுள் குறைந்துகொண்டே வரும். குறிப்பாக உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் சூட்டில் சீக்கிரம் வறண்டு போகும்.

முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது: அந்தக் காவல் சர்க்யூட் ஆம்பை மட்டும்தான் காப்பாற்றும். ஆம்புக்கு வரும் பவர் கேபிளை அல்ல. அதைப் பற்றி கீழே.

எங்கே வைக்கலாம்?

முன் சீட்டுக்கு அடியில்: சின்ன டி கிளாஸ் ஆம்புக்கு நல்ல இடம். ஏசி போட்ட கேபின் காற்று இங்கே வந்து போகும். ஆனால் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். சீட்டை முன்னும் பின்னும் முழுசாகத் தள்ளிப் பார்த்து, தண்டவாளமும் ஸ்பிரிங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஹீட்டர் குழாயின் வாயிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மழையில் நனைந்த செருப்போடு ஏறும் கார்களில் மேட் ஈரமாகும் என்பதால், தரையிலிருந்து சற்று உயர்த்தி வைக்க வேண்டும். நான்காவதும் மிக முக்கியமானதும்: சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் அல்லது மஞ்சள் வயர் இருந்தால், அது ஏர்பேக், சீட் பெல்ட் அமைப்பைச் சேர்ந்தது. அதைக் கழற்றவோ, வெட்டவோ, அதனோடு வேறு வயரைச் சேர்த்துக் கட்டவோ கூடாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் இருந்தால் அந்தப் பக்கமே கை வைக்கக் கூடாது. அது உயர் மின்னழுத்தம்.

டேஷ்போர்டுக்குப் பின்னால்: உள்ளங்கை அளவு டி கிளாஸ் ஆம்ப்களுக்கு மட்டும். அங்கே ஏற்கெனவே ஸ்டீரியோவின் சூடு இருக்கிறது. பஞ்சு, டேப் சுற்றி இடுக்கில் திணித்து வைப்பது தவறு. ஒரு உலோகப் பட்டையில் ஸ்குரூ போட்டு நிறுத்தினால், அந்தப் பட்டையே வெப்பத்தைக் கடத்த உதவும்.

ஸ்டெப்னி பள்ளத்தில்: பார்க்க அழகாக மறைந்துவிடும். அதுவே குறை. மேலே பலகை, அதற்கு மேல் கார்ப்பெட், அதற்கு மேல் லக்கேஜ். ஃபேனும் காற்று வழியும் இல்லாமல் இங்கே ஏபி கிளாஸ் ஆம்ப் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். தண்ணீர் தேங்கும் இடமும் அதுதான்.

சப்-வூஃபர் பெட்டியின் மேல்: வயர் குறைவு, வேலை சுலபம் என்பதால் பலரும் இதைச் செய்கிறார்கள். பாஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பெட்டி அதிர்கிறது. அந்த அதிர்வில் ஸ்குரூ தளரும், சர்க்யூட்டில் சால்டர் விடும். 70 வளைவுகளில் ஏறி இறங்கும் காருக்கு இது கூடுதல் சோதனை.

பின் சீட்டின் முதுகில்: நெட்டுக்குத்தாக நிற்பதால் காற்று கீழிருந்து மேலே ஓடும். நல்ல இடம். ஆனால் டிக்கியில் ஏற்றும் சாமான் அதன் மேல் சாயாதபடி ஒரு தடுப்பு வேண்டும்.

டிக்கியின் பக்கவாட்டுச் சுவரில்: சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் இதுதான் சரியான சமாதானம். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் குழிவில் ஒரு எம்டிஎஃப் பலகையை நிறுத்தி, அதில் ஆம்பைப் பொருத்தி, முன்னால் ஓட்டை போட்ட தகடோ கிரில்லோ வைத்துவிட்டால் அன்னாசி மூட்டை அதைத் தொடாது.

சிங்கிள் கேபின் பிக்-அப் வண்டிகளில்: சோளக்காடு சந்தைக்குப் பலாவும் அன்னாசியும் ஏற்றிப் போகும் வண்டிகளில் டிக்கி என்பதே கிடையாது. சீட்டுக்கும் கேபினின் பின்சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்குதான் மிச்சம். அந்தச் சுவர் வெயிலில் காயும் வெறும் தகடு. ஆம்பை நேராகத் தகட்டில் ஒட்டாமல், நடுவே பலகை கொடுத்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு, நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். சீட்டுக்குப் பின்னால் துண்டு, சட்டை, தார்ப்பாய் திணிக்கும் பழக்கம் இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

எந்தத் திசையில் வைக்க வேண்டும்?

ஹீட் சிங்கின் வரிகள் மேலும் கீழுமாக ஓடும்படி நெட்டுக்குத்தாக நிறுத்துவது சிறந்தது. சூடான காற்று மேலே ஏற, அந்த இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று தானாக வரும். படுக்க வைத்தால் பரவாயில்லை. தலைகீழாக, அதாவது ஹீட் சிங்க் கீழே பார்க்கும்படி பின் கண்ணாடித் தட்டுக்கு அடியில் தொங்கவிடுவதுதான் மோசம். மேலே ஏற முயலும் வெப்பம் திரும்ப சர்க்யூட்டுக்கே போகும்.

ஆம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு அங்குலம் இடைவெளி வேண்டும். ஏபி கிளாஸ் என்றால் இரண்டு அங்குலம் நல்லது. சரியான அளவு ஆம்போடு வரும் கையேட்டில் இருக்கும். கார்ப்பெட் மேல் நேராக வைக்காமல், நான்கு மூலையிலும் ரப்பர் அல்லது நைலான் புஷ் கொடுத்துத் தூக்கி வைத்தால் அடியிலும் காற்று ஓடும், அதிர்வும் குறையும்.

ஃபேன் வைத்தால் போதுமா?

வைக்கும் விதத்தைப் பொறுத்தது. மூடிய பெட்டிக்குள் ஒரு ஃபேன் மட்டும் வைத்தால், அது அதே சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி விடும். காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, இரண்டும் எதிரெதிரே இருக்க வேண்டும். முடிந்தால் உள்வழி கேபின் பக்கம் கீழேயும், வெளிவழி மேலேயும் இருக்கட்டும்.

எவ்வளவு காற்று தேவை? 50 வாட் வெப்பத்தை வெளியேற்றி, காற்றின் சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள விநாடிக்குச் சுமார் 4 லிட்டர் காற்று போதும். மலைமேல் காற்று லேசாக இருப்பதால் அது நாலரை லிட்டரை ஒட்டி வரும். கம்ப்யூட்டரில் போடும் 80 மில்லிமீட்டர், 12 வோல்ட் ஃபேன் ஒன்றே இதைத் தாராளமாகச் செய்யும். ஓட்டைகளைக் கஞ்சத்தனமாகச் சின்னதாகப் போடாமல், ஃபேனின் வாய் அளவுக்காவது திறப்பு கொடுக்க வேண்டும்.

ஃபேனை ஸ்டீரியோவிலிருந்து வரும் ரிமோட் வயரில் நேராகச் சேர்ப்பது பல இடங்களில் நடக்கிறது. அந்த வயர் ஆம்பை 'எழுப்ப' மட்டுமே ஏற்பட்டது, கனமான மின்சாரம் கொடுக்க அல்ல. நடுவே ஒரு ரிலே வைத்து, ஃபேனுக்குத் தனி ஃபியூஸ் கொடுப்பதே முறை. சத்தம் தொந்தரவாக இருந்தால், 45 டிகிரியில் இணைப்பு கொடுக்கும் சின்ன வெப்ப ஸ்விட்ச் ஒன்றை ஹீட் சிங்கில் பொருத்தலாம். தேவைப்படும்போது மட்டும் ஃபேன் ஓடும்.

உண்மையான ஆபத்து எங்கே?

ஆம்ப் நின்றுவிட்டால் பாட்டுதான் போகும். கேபிள் சூடானால் கார் போகும்.

பேட்டரியிலிருந்து டிக்கிவரை வரும் பவர் கேபிள் சுமார் 5 மீட்டர். அதில் 40 ஆம்பியர் ஓடுகிறது என்று கொள்வோம். 8 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள முழுச் செம்புக் கேபிள் என்றால் வழியில் 0.4 வோல்ட் இழப்பு, 17 வாட் வெப்பம். காசு மிச்சம் என்று 4 சதுர மில்லிமீட்டரில், சிசிஏ எனப்படும் செம்பு பூசிய அலுமினியக் கேபிள் போட்டால் இழப்பு 1.3 வோல்ட். வெப்பம் 50 வாட்டைத் தாண்டும். அந்த வெப்பம் முழுக்க கார்ப்பெட்டுக்கு அடியில், காற்றே படாத இடத்தில் பிறக்கிறது. வெளியே தடிமனாகத் தெரியும் கேபிளில் பாதி பிளாஸ்டிக்காக இருக்கலாம் என்பதால், நுனியைச் சீவி உள்ளே இருக்கும் உலோகத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பேட்டரிக்கு அருகில், சுமார் 45 சென்டிமீட்டருக்குள், கட்டாயம் ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். "ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கே அண்ணே" என்று கடையில் சொல்லலாம். ஆம்பில் இருப்பது ஆம்புக்கு. பேட்டரி அருகில் இருப்பது கேபிளுக்கு. சீட் தண்டவாளத்திலோ, இன்ஜின் பக்கத் தகட்டு ஓட்டையிலோ கேபிள் உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அதை நிறுத்த அந்த ஒரு ஃபியூஸ்தான் இருக்கிறது. தகட்டு ஓட்டையில் ரப்பர் கிராமெட் போடாமல் கேபிள் இழுப்பதும் அதே ஆபத்தைத்தான் கூப்பிடுகிறது.

எர்த் வயரும் பவர் வயர் அளவுக்கே கனமாக இருக்க வேண்டும். பெயின்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில், லக் வைத்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். தளர்ந்த எர்த் சூடாகும்.

வால்யூம், கெயின், ஓம்: சூட்டைக் குறைக்கும் மூன்று திருப்பங்கள்

கெயின் என்பது வால்யூம் அல்ல. ஸ்டீரியோவின் ஒலி அளவோடு ஆம்பைப் பொருத்தும் திருகு அது. அதை முழுசாகத் திருப்பி வைத்தால் ஒலி அலையின் முனைகள் வெட்டுப்படும். இதற்கு கிளிப்பிங் என்று பெயர். காதுக்குக் கரகரப்பு, ஸ்பீக்கர் காயிலுக்கும் ஆம்புக்கும் கூடுதல் சூடு. ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, ஒலி சிதையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பாகக் கெயினை நிறுத்த வேண்டும்.

அடுத்தது ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பதிலாக 2 ஓம் மாட்டினால், அதே வால்யூமில் மின்சாரம் இரு மடங்கு ஓடும். ஆம்பின் சூடும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இடுக்கில் வைக்கும் ஆம்புக்கு 4 ஓமே பாதுகாப்பு.

மூன்றாவது, அட்டையில் அச்சடித்த வாட். '2,000 வாட்' என்று போட்டிருக்கும் ஆம்பில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டில் அது தொடர்ந்து இழுக்கக்கூடியதே சுமார் 410 வாட்தான். ஏபி கிளாஸ் என்றால் வெளியே வருவது 250 வாட்டை ஒட்டி. கேட்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்.

வண்டியை நிறுத்திவிட்டுப் பாட்டு போடலாமா?

இரவு குண்டனி நாட்டில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து பாட்டு போட்டால் ஆம்புக்குக் காற்று கிடைக்கும். பேட்டரிக்குத்தான் ஆபத்து. சின்ன கார்களின் பேட்டரி பெரும்பாலும் 35 முதல் 45 ஆம்பியர்-மணி. சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரத்தில் பாதி காலி. காலையில் குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் போனால், மலைமேல் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியோ, ஆம்ப்ளிஃபையரோ பயன்படுத்தக் கூடாது.

மலைப்பாதையில் ஓட்டும்போதும் ஒரு எல்லை வேண்டும். கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன் அதன் ஹாரன்தான் கேட்கும். குறுகலான சரிவில் இறங்கும் வண்டிதான் நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஹாரனே கேட்காவிட்டால் நிற்பது எப்படி? 70 வளைவுகளுக்கும் வால்யூமைக் குறைத்து வைத்தால் காதுக்கு ஹாரன் கேட்கும், ஆம்புக்கும் ஓய்வு கிடைக்கும்.

பாதி வழியில் நின்றுவிட்டால்?

பாட்டு மட்டும் நின்று, சிவப்பு விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். ஸ்டீரியோவை அணைத்து, ஆம்பை மூடியிருக்கும் சாமானை நகர்த்தி, 20 நிமிடம் ஆற விடுங்கள். தண்ணீர் தெளிப்பது, ஈரத்துணி போடுவது வேண்டவே வேண்டாம்.

பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் கதை வேறு. வளைவில் நிறுத்தாமல் அகலமான இடத்தில் ஒதுங்கி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்க வேண்டும். புகை இல்லை என்றால் மட்டும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றலாம். புகை வந்தால் பானெட்டைத் திறக்காமல் விலகி நின்று, 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101 எண்ணை அழைக்க வேண்டும். மலைப்பாதையில் உதவி வந்து சேர நேரமாகும் என்பதால், ஒரு சின்ன தீயணைப்பான் ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது நல்லது.

கிளம்பும் முன் ஒரு சோதனை

ஆம்ப் பொருத்திய கடையிலிருந்து வண்டியை எடுத்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டு நேராக மலைக்குப் போகாமல், ஒரு மதிய வேளையில் இதைச் செய்து பாருங்கள்.

டிக்கியில் வழக்கமாக ஏற்றும் அளவுக்கு சாமானை ஏற்றுங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜின் ஓட, வழக்கமான வால்யூமில் அரை மணி நேரம் பாட்டு போட்டபடி ஊருக்குள் ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு நிறுத்தி, ஆம்பின் மேல் கை வையுங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடிந்தால் பிரச்னையில்லை. வைத்த உடனே கையை எடுக்க வேண்டியிருந்தால் ஹீட் சிங்க் 60 டிகிரியைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். மலைக்குப் போகும் முன்பே இடத்தை மாற்ற வேண்டும், அல்லது ஃபேன் வைக்க வேண்டும். அப்படியே பேட்டரி அருகே இருக்கும் ஃபியூஸ் ஹோல்டர், கேபிள், எர்த் போல்ட் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். இவை வெதுவெதுப்புக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது. ஃபியூஸ் ஹோல்டர் மட்டும் சூடாக இருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நான்கு நண்பர்களின் காரிலும் பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. சப்-வூஃபர் பெட்டியின் முதுகிலிருந்து ஆம்பைக் கழற்றி, டிக்கியின் பக்கச் சுவரில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, முன்னால் ஒரு கிரில், மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தால் போதும். அடுத்த முறை நண்பனின் அம்மா இன்னொரு பலாப்பழம் கொடுத்தாலும் தயங்காமல் வாங்கிப் போடலாம்.